அரை மழை

எழுத்துப்பிழைக்காக வக்கீல் வேண்டாமென்று விட்டுப்போன
பித்தளைப் பெயர்ப்பலகை.
அதன் மூலையை வட்டமாக அறுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை. குன்னூரே நனைந்து கிடந்தது,
கடைக்கு யாரும் வரவில்லை.

ஒரு பக்கம் காட்டெருமை.
பெட்போர்டில் காலையில் பார்த்தபடியே
குப்பைத்தொட்டிக்குள் முகம் விட்டு நிற்கிறது.
மறுபக்கம் மதிப்பு: அரை மழை.
என் அச்சுப்பெட்டியில் 'ழ' இல்லை,
வண்டி நம்பருக்கு யார் கேட்பார்கள் ழ?
உளியால் செதுக்கினேன்.
கால் கொஞ்சம் கோணல்.

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு
கேரட் லாரி ஓட்டிய போஜன்
ஓமானுக்குப் போகிறான், தண்ணீர் லாரி ஓட்ட.
சட்டைப்பையில் போட்டுவிட்டேன்,
"அவசரத்துக்கு வச்சுக்கோ."

முதல் படம்: லாரிக் கண்ணாடிக்குக் கீழே காசு.
'தொட முடியல சலோமி, தோசை சுடலாம்.'
அடுத்தது ஒட்டகத்தின் உதட்டுக்கு முன்னால்.
நீளமாக யோசித்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.
பெட்ரோல் பங்கில் ஜூஸ் மெஷின்
விழுங்கி, உறுமி,
காசையும் துப்பியது, மாம்பழ ஜூஸையும் துப்பியது.
(ஜூஸைக் குடித்துவிட்டான்.
காசை மறுபடி போட்டதற்கு உதை வாங்கியது மெஷின்.)

வெள்ளிக்கிழமை மணல் மைதானத்தில்
சில்ஹெட் பையன்களுக்கும் பெஷாவர் பையன்களுக்கும் மேட்ச்.
டாஸ் போட அதுதான்.
எருமையா, மழையா?
சில்ஹெட் கேப்டன் நாக்கை எங்கெங்கோ மடித்துப் பார்த்து
"மலை" என்றான்.
மலையே விழுந்தது.
நான் திருத்தவில்லை. இந்த ஊரில்
எது மலை எது மழை என்று
ஜூலையில் எனக்கே தெரியாது.

ஒரு ராத்திரி டீக்கு சில்லறை இல்லாமல்
திரூர்க்காரர் கடையில் அடகு வைத்தான்.
விடிந்ததும் மேகம்.
இருபது நிமிஷம். ஆடுகள் நின்ற இடத்தில் நின்றன.
திரூர்க்காரர் கல்லாவைத் திறந்து திறந்து பார்த்தாராம்.
அன்றைக்குத் தண்ணீர் கேட்டு யாரும் கூப்பிடவில்லை,
போஜனுக்கு ஒருநாள் கூலி போச்சு.
திட்டி ஒரு வார்த்தை எழுதுவான் என்று பார்த்தேன்.
குரல் பதிவு மட்டும் வந்தது, பேச்சே இல்லாமல்,
லாரித் தகரத்தில் மழை.
கடைத் தகரத்துக்குக் கீழே நின்று கேட்டேன்.
இங்கேயும் பெய்துகொண்டிருந்தது.
பதிவு முடிந்ததை
நான் வெகுநேரம் கவனிக்கவில்லை.

அப்புறம் கை மாறிவிட்டது.
தெரியாத எண்களிலிருந்து படங்கள்:
முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் செருகி,
மருதாணிக் கையில்,
பேரீச்சம்பழத் தராசில் எடைக்கல்லாக
(யாரை ஏமாற்றினார்களோ).
நடுவில் எட்டு மாதம் ஒன்றுமில்லை.

போன வாரம் கூடலூர் நர்ஸ் ஒருத்தி
பழப் பொட்டலத்தோடு கொண்டுவந்தாள்.
விளிம்பில் துளை, துளையில் சிவப்பு நூல்.
ஆட்டுக் கழுத்தில் கிடந்ததாம்.
எருமைக்கு ஒரு கொம்பு தேய்ந்துபோயிருக்கிறது.
கோணல் ழ மட்டும் அப்படியே.

இன்றைக்கு அரவங்காடு பஸ்ஸில்
சில்லறையோடு கலந்து கொடுத்துப் பார்த்தேன்.
கண்டக்டர் வெளிச்சத்தில் பிடித்தார்.
"எந்த ஊர்க் காசும்மா இது?"
"இந்த ஊர்தான்."
"செல்லாது. வேற குடுங்க."

ஷட்டர் இறங்காத ஜன்னல்,
சாரல் மடியில் அடிக்கிறது,
ஒன்றரைக்குக் குறையாது.
வெல்லிங்டன் தாண்டி, விசிலை வாயிலிருந்து எடுத்து
திரும்பி வந்தார்:
"அந்த எருமையை
இன்னொரு தடவ காட்டுங்க."